கேளுங்கள், சொல்கிறோம்: பட்டப்படிப்பின் நடுவே ஓராண்டு வேலை

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் இரண்டாம் ஆண்டுக்கும் இறுதியாண்டுக்கும் நடுவே ஒரு முழு ஆண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஏற்பாடு உண்டு. ‘பிளேஸ்மென்ட் இயர்’, ‘சாண்ட்விச் கோர்ஸ்’ என்பார்கள். அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்தும், படிக்கப் போகத் தயாராகும் தமிழ்நாட்டு மாணவர்களிடமிருந்தும் இதுபற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கட்டணக் கணக்குகள் இங்கிலாந்துக்கானவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் முறை வேறு.

மகள் கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் ஆண்டு. மூன்று வருடத்தில் முடிகிற படிப்பை நான்கு வருடமாக இழுக்க வேண்டுமா? கூடப் படித்தவர்கள் முன்னால் போய்விடுவார்களே? (ஹாரோ வாசகர்)

முதலில் காசுக் கணக்கு. அந்த ஓராண்டுக்கும் பல்கலைக்கழகம் கட்டணம் வாங்கும். ஆனால் உள்நாட்டு மாணவர்களிடம் முழுக் கட்டண வரம்பில் 20 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. 2025-26-ல் முழுக் கட்டணம் 9,535 பவுண்ட் என்றால் பிளேஸ்மென்ட் ஆண்டுக்கு அதிகபட்சம் 1,905 பவுண்ட். இதையும் கல்விக் கடனில் சேர்த்துக்கொள்ளலாம். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் வேலை செய்தால் வாழ்க்கைச் செலவுக்கான கடன் மட்டும் குறைந்த விகிதத்தில்தான் கிடைக்கும். கணினி, பொறியியல் துறைகளில் ஆண்டுச் சம்பளம் பெரும்பாலும் 20,000 முதல் 27,000 பவுண்ட் வரை இருக்கும். ஆகவே கைக்காசு நஷ்டம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

காலம் வீணாகுமா என்பதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில், அவர் அங்கே என்ன வேலை செய்யப்போகிறார் என்பதில் இருக்கிறது. வகுப்பில் எழுதும் நிரலுக்கு மார்க் போட்டதும் அதன் கதை முடிந்தது. நிறுவனத்தில் அப்படியில்லை. ஏழெட்டு வருடத்துக்கு முன்பு யாரோ எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருப்பார். அதைப் படித்துப் புரிந்துகொண்டு பத்து வரி மாற்ற வேண்டும். மாற்றியதை மூத்தவர் ஒருவர் பார்த்து, ‘இந்தப் பெயர் புரியவில்லை, இதற்குச் சோதனை எங்கே’ என்று பதினைந்து குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். மாற்றிய நிரலை வெள்ளிக்கிழமை மாலை பயனீட்டாளர்கள் பயன்படுத்தும் தளத்தில் ஏற்றக் கூடாது, பழுதானால் சரிசெய்ய ஆள் இருக்காது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். இந்தப் பழக்கம் ஒரு வருடத்தில் ஊறிவிடும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் நடக்கும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்பில் ஊறாது. அங்கே மாணவருக்கென்று தனியாக ஒரு சின்ன புராஜெக்ட் கொடுத்துவிடுவார்கள், அது முடிவதற்குள் வழியனுப்பு விழாவும் நடந்துவிடும்.

பிளேஸ்மென்ட் போய் வந்தவர்கள் இறுதியாண்டில் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்வது உண்மை. அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களுக்குத்தான் நிறுவனங்கள் இடம் கொடுக்கின்றன. எனவே அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு ஆரம்பத்திலேயே இருந்தது.

மகள் போகலாம் என்பதே எங்கள் கருத்து. தூய கணிதம், கோட்பாட்டு இயற்பியல் என்று ஆராய்ச்சி பக்கம் போகப் போகிறவர் என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்போம். அவர்களுக்கு ஒரு பேராசிரியரிடம் இரண்டு கோடை வேலை செய்வது கூடுதல் பயன் தரும்.

நாற்பது கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டேன், ஒன்றுகூட வரவில்லை. எங்கே தவறு? (லெஸ்டர் மாணவர்)

எப்போது போட்டீர்கள் என்று எழுதவில்லை. ஜனவரிக்குப் பிறகு என்றால் பாதிக் காரணம் அதுதான். பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடையில் தொடங்கும் இடங்களுக்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கதவைத் திறந்துவிடுகின்றன. கடைசித் தேதி டிசம்பர் என்று போட்டிருந்தாலும், வரும் விண்ணப்பங்களை அவ்வப்போதே பார்த்து இடத்தை நிரப்பிவிடுவார்கள். அக்டோபர் நடுவில் மூடிவிட்ட விளம்பரத்தில் நவம்பர் 30 என்ற தேதி அப்படியே நின்றுகொண்டிருக்கும். சின்ன, நடுத்தர நிறுவனங்கள் ஜனவரி முதல் மே வரை ஆள் எடுக்கும். பெரிய பெயர் கிடைக்கவில்லை என்று பிப்ரவரியில் துவண்டு உட்காருகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இரண்டாவது சுற்றைத்தான். எங்களைக் கேட்டால் பொறுப்பான வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம் உள்ள சுற்றும் அதுதான். முப்பது பேர் கம்பெனியில் மாணவரைச் சும்மா உட்காரவைக்க ஆள் பலம் இருக்காது.

அடுத்தது சி.வி. நாற்பது இடத்துக்கும் ஒரே தாளா? ‘பைத்தான் தெரியும், குழுவாகப் பணியாற்றுவேன்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மூன்று பேர் குழுவில் நகரப் பேருந்துகளின் ஆறு மாத நேரப் பதிவை எடுத்து, எந்தத் தடத்தில் எந்த மணிக்குத் தாமதம் என்று காட்டும் வரைபடம் செய்தோம். இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்து நீக்கும் பகுதி என்னுடையது.’ என்ன பொருள், எவ்வளவு, உங்கள் பங்கு எது என்ற மூன்றும் இருந்தால் படிப்பவர் கண் நிற்கும். டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டில் சனி, ஞாயிறு கல்லாவில் நின்றிருந்தால் அதையும் போடுங்கள். நேரத்துக்கு வருகிற ஆள், கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளித்த ஆள் என்பதற்கு அது சாட்சி. நம் பிள்ளைகள் பலர் அதை மறைக்கிறார்கள். அம்மா அப்பாவுக்குப் பிடிக்காது போலிருக்கிறது.

சி.வி. தாண்டினால் இணையத் தேர்வு. அட்டவணையைப் பார்த்துச் சதவீதம் கணக்கிடும் கேள்விகள் இருக்கும். கணக்கு எளிது, நேரம்தான் எதிரி. அதன்பின் பதிவு செய்யும் வீடியோ நேர்காணல். திரையில் கேள்வி வரும், யோசிக்க முப்பது விநாடி, பேச இரண்டு நிமிடம் என்கிற கணக்கில் ஓடும், எதிரே ஆள் இருக்காது. இதில் தோற்பவர்கள் விஷயம் தெரியாமல் தோற்பதில்லை. முதல் ஒரு நிமிடத்தைப் பின்னணி சொல்லியே தீர்த்துவிடுகிறார்கள். என்ன நிலைமை என்பதற்கு இரண்டு வாக்கியம் போதும். மீதி நேரம் முழுக்க நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆனது என்று போக வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்து நீங்களே ஒருமுறை பாருங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும்.

பல்கலைக்கழக பிளேஸ்மென்ட் அலுவலகத்தை எட்டிப் பார்த்தீர்களா? முந்தைய ஆண்டுகளில் எந்த நிறுவனம் யாரை எடுத்தது என்ற பட்டியல் அவர்களிடம் இருக்கும். தற்போது அங்கே இருக்கும் சீனியரிடம் பேச வைப்பார்கள். இணையத்தில் தேடி அலைவதைவிட இது வேகம்.

நண்பர்கள் அடுத்த வருடத்துக்கு இப்போதே, நவம்பரிலேயே, வீடு பிடிக்கிறார்கள். நானும் கையெழுத்துப் போடலாமா? (நாட்டிங்ஹாம் மாணவி)

கூடாது. மாணவர் வீட்டு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் எல்லோர் பெயரும் ஒரே தாளில் இருக்கும் கூட்டு ஒப்பந்தங்கள். மார்ச்சில் உங்களுக்கு டெர்பியிலோ ஸ்டீவனேஜிலோ இடம் கிடைத்தால், நாட்டிங்ஹாம் அறைக்கும் வாடகை ஓடலாம், அங்கேயும் வாடகை ஓடும். நீங்கள் கட்டாவிட்டால் வீட்டுக்காரர் உங்கள் தோழிகளிடம் கேட்பார். பதிலாள் கிடைக்கும் என்பார்கள். ஆகஸ்டில் கிடைக்க மாட்டார். பிளேஸ்மென்ட் கிடைக்காமல் நேரே இறுதியாண்டுக்குப் போக நேர்ந்தாலும், மே மாதத்தில் தனி அறை தேடிக்கொள்வது சாத்தியமே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நீங்கள் திரும்பி வரும்போது இன்றைய தோழிகள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். இறுதியாண்டுக்கு யாருடன் தங்குவது என்பதை, பிளேஸ்மென்ட் போகும் மற்ற வகுப்பினருடன் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு மாதம் 2,000 பவுண்ட் சம்பளம் என்றார்கள். வரி எவ்வளவு போகும்? படிக்கிறவர்களுக்கு வரி கிடையாது என்கிறார்களே? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

மாணவர் என்பதற்காக வருமான வரி விலக்கு கிடையாது. எல்லோரையும் போல ஆண்டுக்கு 12,570 பவுண்ட் வரை வரி இல்லை, அதற்கு மேல் 20 சதவீதம். இதுதவிர தேசியக் காப்பீடு, மாதம் 1,048 பவுண்டுக்கு மேல் உள்ள தொகையில் 8 சதவீதம். மாதம் 2,000 என்றால் காப்பீட்டுக்கு 76 பவுண்ட் போகும். இது திரும்ப வராது.

வருமான வரியில்தான் கவனம் வேண்டும். பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்குகிறது. ஜூலை 1-ல் மகன் வேலைக்குச் சேர்கிறார், ஏப்ரலிலிருந்து வேறு சம்பளம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று மாத வரிவிலக்கு பயன்படாமல் கிடக்கிறது. சேரும்போது ஒரு படிவம் தருவார்கள். அதில் ஏ, பி, சி என்று மூன்று வாக்கியம் இருக்கும், ஒன்றில் குறி போட வேண்டும். ஏப்ரல் 6-க்குப் பிறகு இதுதான் முதல் வேலை என்பது ‘ஏ’. அதைப் போட்டால் வரிக் குறியீடு 1257எல் என்று வரும், கிடக்கிற விலக்கு சேர்ந்துகொள்ளும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் வருமான வரி பூஜ்யம். அக்டோபரில் சுமார் 133 பவுண்ட், நவம்பரிலிருந்து மாதம் 190 பவுண்ட். யோசிக்காமல் ‘பி’ போட்டால் குறியீட்டின் வாலில் எம்1 என்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மாதமும் தனித்தனிக் கணக்கு. முதல் மாதத்திலிருந்தே 190 போகும். ‘சி’ போட்டால் இன்னும் மோசம், முழுச் சம்பளத்துக்கும் 20 சதவீதம். கோடையில் கடையில் வேலை பார்த்து விட்டிருந்தால், விடும்போது கொடுத்த பி45 தாளைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் கணக்கு தானாகச் சரியாகும்.

வேலை அடுத்த ஜூன் 30-ல் முடிகிறது. புதிய வரி ஆண்டில் அவர் சம்பாதித்தது சுமார் 6,000 பவுண்ட்தான், விலக்கு வரம்பில் பாதிகூட இல்லை. அந்த மூன்று மாதத்தில் பிடித்த சுமார் 570 பவுண்டையும், வேறு வேலைக்குப் போகவில்லை என்றால், வரித்துறையின் இணையக் கணக்கில் கேட்டு வாங்கலாம். பலர் கேட்பதில்லை. கல்விக் கடன் பிடித்தம் இந்த ஆண்டில் கிடையாது. அது படிப்பை முடித்த அடுத்த ஏப்ரலில்தான் தொடங்கும்.

மகளுக்குச் சம்பளமே இல்லாத பிளேஸ்மென்ட் கிடைத்திருக்கிறது. சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டாமா? (வெம்ப்ளி வாசகி)

பிரிட்டன் பட்டப்படிப்பின் கட்டாயப் பகுதியாக ஓராண்டுக்கு மிகாமல் செய்யும் பணிப்பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. அதனால் தராமல் இருப்பது குற்றமில்லை. உளவியல், ஃபேஷன், தொண்டு நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள் இந்தப் பக்கம் இது சகஜம். மருத்துவமனை, உள்ளாட்சி போன்ற பொதுத்துறை இடங்களில் சம்பளமில்லாமல் செய்தால் முழு விகித வாழ்க்கைக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு உண்டு. எந்தெந்த இடங்கள் இதில் சேரும் என்பதை ஒப்புக்கொள்வதற்கு முன் கல்விக் கடன் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உளவியலில் மருத்துவமனைப் பிரிவொன்றில் நோயாளிகளுடன் உட்காரும் வாய்ப்பு என்றால் சம்பளம் இல்லாவிட்டாலும் யோசிக்கலாம்; பின்னால் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவத்தைத்தான் கேட்பார்கள். லாபம் பார்க்கும் வணிக நிறுவனம் சமூக ஊடகப் பதிவு போட ஓராண்டுக்கு இலவச ஆள் தேடுகிறது என்றால் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், வாரத்தில் நான்கு நாள், பயணச் செலவு, மதிய உணவு என்று பேரம் பேசலாம். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

திருச்சியில் பி.இ. முடித்தேன். ‘எம்.எஸ்சி. வித் பிளேஸ்மென்ட், இரண்டு வருடம், வேலை கேரண்டி’ என்று ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா? (திருச்சி வாசகர்)

இரண்டு வருடப் படிப்பு இருப்பது உண்மை. வேலை கேரண்டி என்பது பொய். பல்கலைக்கழகம் தருவது பிளேஸ்மென்ட் தேடும் உரிமையும் உதவியும்தான். தேடிப் பிடிக்க வேண்டியவர் நீங்கள். செப்டம்பரில் போய் இறங்கி, ஊர் பழகி, முதல் பருவப் பாடம் புரிவதற்குள் விண்ணப்பக் காலம் பாதி ஓடியிருக்கும். நேர்காணல்களில் உங்களோடு போட்டியிடுபவர்களுக்கு அங்கேயே பத்து வருடம் வாழ்ந்த பழக்கம் இருக்கும். இடம் கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு புராஜெக்ட் கொடுப்பார்கள், அல்லது ஓராண்டு எம்.எஸ்சி.க்கு மாற்றுவார்கள். ஓராண்டாக மாறினால் விசாக் காலமும் சுருங்கும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்புங்கள், ஏஜென்ட் வழியாக வேண்டாம். போன ஆண்டு இந்தப் படிப்பில் பிளேஸ்மென்ட் வழியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வெளி நிறுவனத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர்? கிடைக்காவிட்டால் என்ன பாடம் எடுக்க வேண்டும், அதற்குக் கட்டணம் எவ்வளவு? பிளேஸ்மென்ட் போக முதல் பருவத்தில் எத்தனை மதிப்பெண் வேண்டும், ஒரு பாடம் தவறினால் வாய்ப்பு போய்விடுமா? இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை எப்போது கட்ட வேண்டும்? முதல் கேள்விக்கு எண் தராமல் வாசகம் மட்டும் வந்தால் அதுவே பதில்.

செலவில் ஏஜென்ட் சொல்லாத ஒன்று மருத்துவ வரி, அதாவது அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு வாங்கும் தொகை. மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட், விசாக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். இரண்டு வருடப் படிப்புக்கு முன்னும் பின்னும் சேரும் மாதங்களோடு கணக்கிட்டால் சுமார் 1,940 பவுண்ட். ஓராண்டுப் படிப்புக்குச் சுமார் 1,164. 2024 ஜனவரி முதல் தொடங்கும் எம்.எஸ்சி. போன்ற படிப்புகளுக்கு மனைவி, பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது. அந்த எண்ணம் இருந்தால் அதையும் மறந்துவிடுங்கள்.

மாணவர் விசாவில் மூன்று வருட பி.எஸ்சி. படிக்கிறேன். பிளேஸ்மென்ட் ஆண்டை இடையில் சேர்த்துக்கொள்ள முடியுமா? (கார்டிஃப் மாணவர்)

முடியும். பல்கலைக்கழகம் உங்களை நான்கு வருடப் படிப்புக்கு மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு புதிய சேர்க்கை எண் வாங்கி, கையிலுள்ள விசா முடிவதற்குள் பிரிட்டனில் இருந்தபடியே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணம் 524 பவுண்டாக இருந்தது, மருத்துவ வரி தனி. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே முறையான விசாவில் இருந்திருந்தால் வங்கியிருப்புக் காட்ட வேண்டியதில்லை. விண்ணப்பித்த பிறகு முடிவு வரும்வரை ஊருக்குப் போக டிக்கெட் போட்டுவிடாதீர்கள். வெளியேறினால் விண்ணப்பம் ரத்தாகும்.

பிளேஸ்மென்ட் படிப்பின் மதிப்பிடப்படும் பகுதியாக இருக்க வேண்டும், பட்டப்படிப்பின் மொத்தக் காலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. முழுநேரம் வேலை செய்யலாம். அதற்கு மேல் வாரம் 20 மணி நேரம் வேறு வேலையும் செய்யலாம். சுயதொழில் மட்டும் கூடாது. உணவு டெலிவரி ஆப்களில் ஓட்டுவது பெரும்பாலும் சுயதொழில் கணக்கில் வரும், மாட்டிக்கொண்டால் விசாவே போகும். 20 சதவீதக் கட்டண வரம்பு வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொருந்தாது. பல்கலைக்கழகம் என்ன வைத்திருக்கிறதோ அதுதான்.

பாதுகாப்புத் துறை நிறுவனங்களுக்கு விண்ணப்பித்து நேரத்தைச் செலவிடாதீர்கள். அங்கே பாதுகாப்பு அனுமதி கேட்பார்கள், அதற்கு வழக்கமாக ஐந்து ஆண்டு பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும்.

கோவை பி.எஸ்.ஜி. டெக்கில் இருக்கும் சாண்ட்விச் பி.இ.யும் இதுவும் ஒன்றுதானா? (பீளமேடு வாசகர்)

வேர் ஒன்று, வடிவம் வேறு. பிரிட்டனில் இந்த முறை 1903-ல் சண்டர்லேண்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் தொடங்கியது. கப்பல் கட்டும் தளங்களும் எந்திரப் பட்டறைகளும் நிறைந்த ஊர் அது. ஆஸ்டன், பாத், புருனெல், லஃப்பரோ, சர்ரே ஆகிய ஐந்தும் 1966-ல் பல்கலைக்கழகமான தொழில்நுட்பக் கல்லூரிகள். இன்றும் பிளேஸ்மென்டுக்குப் பெயர் பெற்றவை அவைதான்.

பி.எஸ்.ஜி.யில் சாண்ட்விச் பி.இ. ஐந்து ஆண்டு. வகுப்பும் தொழிற்பயிற்சியும் மாறி மாறி வரும், பயிற்சி கல்லூரியோடு ஒட்டிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தில். லேத்தில் நின்று கை பழகிய பொறியாளராக வெளியே வருவது இதன் பலம். வெளி நிறுவனம் ஒன்றில் விண்ணப்பித்து, தேர்வாகி, சம்பளத்துக்கு ஓராண்டு இருப்பது பிரிட்டன் முறை. அதன் பலம் வேறு. நம் பாலிடெக்னிக் சாண்ட்விச் டிப்ளமோதான் அதற்கு இன்னும் கிட்ட வருகிறது. மூன்றரை ஆண்டு, நடுவில் ஒரு பருவமும் கடைசியில் ஒரு பருவமும் ஆலையில். மெக்கானிக்கலில் வேலை பிடிக்க அது சாதாரண டிப்ளமோவைவிட நல்ல வழி என்பது எங்கள் அபிப்பிராயம்.

பிளேஸ்மென்டில் ஐந்தாவது மாதம் ஆட்குறைப்பு என்று மகனை அனுப்பிவிட்டார்கள். படிப்பு என்னாகும்? (குராய்டன் வாசகி)

பட்டத்துக்கு ஆபத்து இல்லை, பதற்றம் வேண்டாம். செய்ய வேண்டியதை இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். முதலில் பிளேஸ்மென்ட் அலுவலகத்துக்கு எழுத்தில் தகவல். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் குறைந்தபட்ச வாரக் கணக்கு உண்டு. பெரும்பாலும் இரண்டு நிறுவனங்களின் வாரங்களைச் சேர்த்துக் காட்ட அனுமதிப்பார்கள். மீதி வாரத்துக்குச் சின்ன நிறுவனமோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடமோ கிடைத்தால் கணக்கு நிறையும். நிறையாவிட்டால் பட்டத்தின் பெயரில் ‘தொழில் அனுபவத்துடன்’ என்ற ஒட்டு மட்டும் வராது.

சம்பளச் சீட்டில் எடுக்காத விடுப்புக்கான தொகை வந்திருக்கிறதா பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வேலை செய்தவருக்குக் குறைந்தது ஒரு வார முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் உண்டு. ஆட்குறைப்பு இழப்பீடு இரண்டு வருடம் வேலை செய்தவர்களுக்குத்தான். (மாணவர் விசாவில் இருப்பவர் என்றால் அவசரம் இன்னும் அதிகம். இப்படிப்பட்ட மாற்றத்தைப் பல்கலைக்கழகம் பத்து வேலை நாளுக்குள் உள்துறை அமைச்சகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.)

வேலை கிடைத்தது, ஆனால் இரண்டு மாதமாக எக்செல்லில் பெயர்களைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். (ரெடிங் மாணவி)

இரண்டு மாதம் பொறுத்தது போதும். ஒப்பந்தத்தோடு பணி விவரத் தாள் ஒன்று பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கும். அதை எடுத்து, இதுவரை செய்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். மேலாளரிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்கி, ‘இந்த வேலையைத் தொடர்கிறேன், இதோடு இந்த இரண்டில் ஒன்றைத் தாருங்கள்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாக ‘இன்னும் நல்ல வேலை வேண்டும்’ என்றால் அவருக்கு என்ன தருவதென்று தெரியாது. அந்தத் தட்டச்சு வேலையையே ஒரு சின்ன நிரலால் பாதி நேரத்தில் முடித்துக் காட்ட முடிந்தால் பேச்சு எளிதாகும். நான்கு வாரத்தில் மாற்றம் இல்லை என்றால், பார்வையிட வரும் பேராசிரியரிடம் சொல்லுங்கள். அவர் வருவது இதற்காகத்தான், தேநீருக்கு அல்ல.

திரும்பி வந்ததும் கணக்கெல்லாம் மறந்துபோகும் என்கிறார்களே? அங்கே செய்த வேலையையே இறுதியாண்டு புராஜெக்டாக வைக்கலாமா? (கொவென்ட்ரி மாணவர்)

மறக்கும். பொறியியல் மாணவர்களுக்கு முதல் ஐந்தாறு வாரம் திணறல்தான். கடைசி மாதத்தில் வாரம் இரண்டு மாலை, இரண்டாம் ஆண்டுக் கணக்குத் தாள்களைப் போட்டுப் பாருங்கள்.

புராஜெக்டாக வைக்கலாம், பேராசிரியர்களும் விரும்புவார்கள். சிக்கல், நிறுவனத் தகவல்களை வெளியிடக் கூடாது என்று நீங்கள் போட்ட ஒப்பந்தத்தில் வரும். எந்தத் தரவு, எந்தப் படம், எந்தப் பெயர் வெளியே போகலாம் என்று மேலாளரிடம் எழுத்தில் வாங்காமல் ஒரு கோப்பையும் எடுத்து வராதீர்கள். பிளேஸ்மென்ட் அறிக்கையையும் சமர்ப்பிப்பதற்கு முன் நிறுவனம் படித்து ஒப்புதல் தர வேண்டியிருக்கும். ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள். ஆகஸ்டில் கொடுத்தால் ஒப்புதல் தர வேண்டியவர் விடுமுறையில் இருப்பார், நீங்கள் கெடு தாண்டி நிற்பீர்கள். தினமும் வேலை முடிந்ததும் ஐந்து வரிக் குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தால் அந்த அறிக்கை ஒரு வார வேலை. இல்லாவிட்டால் அக்டோபரில் என்ன செய்தோம் என்று மே மாதம் மின்னஞ்சல்களைத் துழாவ வேண்டும்.

முடித்ததும் அதே நிறுவனத்தில் நிரந்தர வேலை கிடைக்குமா? (சென்னை வாசகி, மகள் மான்செஸ்டரில்)

கிடைக்கலாம். எட்டாவது, ஒன்பதாவது மாதத்தில் மகளே வாயைத் திறந்து கேட்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கான ஆள் கணக்கை நிறுவனங்கள் அந்தச் சமயத்தில்தான் போடும். வாய்மொழி உறுதி போதாது, கடிதம் வேண்டும். இறுதியாண்டில் குறிப்பிட்ட மதிப்பெண் வகுப்பு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மகள் மாணவர் விசாவில் இருந்தால் இன்னொன்று. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் பட்டதாரி விசா இப்போது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதன்பின் தொடர வேலை விசா வேண்டும், அதற்கு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டும். 2025 ஜூலை விதிப்படி அதற்கான பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்ட், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400 பவுண்ட். அந்த நிறுவனத்துக்கு ஸ்பான்சர் உரிமம் இருக்கிறதா, பட்டதாரிகளுக்கு இந்த அளவு சம்பளம் தருகிறதா என்பதைச் சேரும் முன்பே பார்ப்பது நல்லது.

ஓட்டுநர் உரிமம் அவசியமா? (லூட்டன் மாணவர்)

லண்டனில் தேவையில்லை. கார், மருந்து, உணவு நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே. ஜாகுவார் லேண்ட் ரோவரின் கேடன் மையம் வார்விக்‌ஷயரில் ஒரு கிராமத்து ஓரம். ரயில் நிலையம் கிடையாது. அங்கே இருபது வயதுக்காரருக்குக் கார் காப்பீடே ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டலாம். ஓட்டுநர் தேர்வுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே எழுத்துத் தேர்வை முடித்து வைத்துவிடுங்கள்.